துணைவிக்கு ஒரு நாற்காலி

எங்கள் ஊரில் சாவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்து நடப்பதெல்லாம்தான் வாரியத்தின் கையில் இருக்கிறது.

இறுதி மரியாதை வாரியம் என்பது முழுப்பெயர். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாம்பல் நிறக் கட்டடம். வாசலில் 'கடைசி நேரத்தில் அவசரம் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரில் உள்ள ஒரே மண்டபமும் அதன் பின்னால் இருக்கும் அடக்கத் தோட்டமும் அவர்களுடையவை. ஆகவே எப்படிப்பட்டவர் போனாலும் அவர்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். உயிரோடு இருக்கும்போதே நேரில் வந்து, தன் இறுதி நிகழ்ச்சியைத் திட்டமிட்டு, ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டவருக்குத் தனி நிகழ்ச்சி உண்டு. தனிப் புகழுரை, கேட்ட பூ, மண்டபம் முழுவதும் அவருக்கே.

அப்படிச் செய்யாமல் திடுதிப்பென்று போய்விட்டவர்களைப் பொது நிகழ்ச்சியில் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்கு இருக்கிற எல்லோருக்கும் ஒரே புகழுரை. எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அதில் ஒன்றும் இருக்காது. "இவர்கள் வாழ்ந்தார்கள்" என்று ஆரம்பித்து, அதையே வேறு மாதிரிச் சொல்லி முடிப்பார்கள். என் பெரியப்பாவை அப்படித்தான் அனுப்பினோம். பக்கத்துப் பெட்டியில் இருந்தவர் பெரியப்பாவோடு ஆயுசு முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவர். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே மாலையைப் போட்டார்கள்.

எனக்கு எதிர்வீட்டில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவியும்தான். நான் சொல்லப் போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவர் சொன்னது.

அவர் மனைவி பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் இருக்கும்போது ஊழியர்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது, ஏனென்றால் வந்துவிடலாம். ஓட்டுநர் இளவயதில் அங்கே சட்டை வாங்கப் போனபோது, மூன்றாம் மாடியில் நின்றிருந்த அந்தப் பெண் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "உட்காருங்க, எடுத்துக் காட்டுறேன்."

"நான் நாள் பூரா உட்கார்ந்தே இருக்கிறவன். நீங்க கொஞ்சம் உட்காருங்க, நானே எடுத்துப் பார்த்துக்கிறேன்" என்றிருக்கிறார் இவர். அந்தப் பெண் பயந்துபோய் மேற்பார்வையாளர் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்ததாம். அந்தப் பார்வையை ஓட்டுநர் இன்று வரை மறக்கவில்லை. சட்டை வாங்கினாரா இல்லையா என்பது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் மனைவியை 'மூணாம் மாடி' என்றுதான் கூப்பிடுவார்.

"நான் உட்கார்ந்தே சம்பாதிச்சேன், அவ நின்னே சம்பாதிச்சா" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். அவருக்கு முதுகு போயிற்று, அந்த அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போயிற்று. தினம் சாயங்காலம் ஜன்னலோரம் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய துண்டை விரித்துக்கொள்வார். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து காலைத் தூக்கி அந்தத் துண்டின் மேல் வைப்பார். இவர் தைலம் தேய்த்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று அந்த அம்மா கூச்சப்பட்டது முதல் வாரம் மட்டும்தான்.

ஒரு நாள் டாக்டர் ஓட்டுநரிடம், "இதயம் பழைய வண்டி மாதிரி ஆயிடுச்சு. ஓடும். ஆனா எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. ரொம்ப நேரம் நிக்காதீங்க, மேடு ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். வண்டியைப் பற்றி ஓட்டுநருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, உடனே புரிந்துகொண்டார். சாவதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வாரியத்து மண்டபம்தான் கண் முன்னால் வந்து நின்றது. அங்கே பூப் போட்டு, புகழுரை வாசித்து, பெட்டியை எடுக்கும் வரை வந்தவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி கூடக் கிடையாது. அவர் படுத்திருப்பார். மூணாம் மாடி நிற்பாள். தாங்கிப் பிடிக்க ஒருத்தரும் இல்லாமல், அந்த முழங்காலோடு, அவ்வளவு நேரமும் நிற்பாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வாரியத்தின் வாசலில் போய் நின்றார்.

நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வருகிறவர்களுக்கு நாற்காலி இல்லை. துணை இயக்குநர் என்று ஒருவர் மேசைக்குப் பின்னால் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளித்து, நெற்றி மினுங்க, சாவின் வாடையே படாத மனிதர்.

"பூ?" என்றார்.

"எதுவானாலும் சரிங்க."

"புகழுரையில என்ன எழுதணும்?"

"பஸ் ஓட்டினேன்னு எழுதிக்குங்க."

"இறந்தவருக்குப் பிடிச்ச ஒலி ஒண்ணு மண்டபத்துல ஒலிக்கலாம். பறவை, கடல் அலை, மணி. என்ன வேணும்?"

ஓட்டுநர் யோசித்துப் பார்த்து, "ஹாரன்" என்றார். அதற்கும் மறுபேச்சு இல்லை. ஹாரன் என்று எழுதிக்கொண்டார்கள்.

"வேற சிறப்பு விருப்பம் ஏதாவது?"

"ஒரே ஒரு நாற்காலிங்க. என் சம்சாரத்துக்கு. கை வச்சதா இருக்கணும். கையை ஊன்றாம அவளால எழுந்திருக்க முடியாது."

துணை இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களைப் பார்த்தா நல்ல மனுஷராத் தெரியுது. அதனால விளக்கமாவே சொல்றேன். எங்க மண்டபத்துல இறந்தவர் படுத்திருப்பார். வந்தவங்க நிப்பாங்க. அலுவலர்கள் நாங்க உட்கார்ந்திருப்போம். இந்த மூணு நிலையும் ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது. கலந்துட்டா அங்க யார் யாருன்னு எப்படித் தெரியும்?"

"நீங்க மட்டும் உட்காரலாங்களா?"

"நீங்க ஆயுசுக்கு ஒரு நாலஞ்சு தடவை துக்கப்படுவீங்க. எங்களுக்குத் தினமும் துக்கம். அதை நின்னுக்கிட்டு எப்படிச் செய்ய முடியும்?"

ஓட்டுநர் விடவில்லை. "உங்ககிட்ட நாற்காலி இல்லீங்களா? நானே வீட்டுல இருந்து கொண்டாந்து குடுத்துடுறேன்" என்றார்.

"நாற்காலியா? கிடங்கு நிறையக் கிடக்கு. வைக்க இடமில்லாம தவிக்கிறோம். நாற்காலி பிரச்சினையே இல்லைங்க. உட்கார்றதுதான் பிரச்சினை."

இப்படி ஆரம்பித்தது. வாரியம் கொடாக்கண்டன் என்றால் இவர் விடாக்கண்டன். பேருந்து நிலையத்துக்குப் போகிற பழக்கத்தில் தினமும் காலையில் கிளம்பி எதிர்ப்பக்கம் போய் நிற்பார். இவர் தலையைக் கண்டாலே கடைநிலை ஊழியர்கள் "நாற்காலி வந்தாச்சு" என்பார்கள். கடைசியில் துணை இயக்குநர் ஒரு வழி சொன்னார். வாரியத்தில் முழங்கால் மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். அந்த அம்மாவால் நிற்க முடியாது என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாமாம்.

முழங்கால் மதிப்பீட்டுக் குழு மேல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. ஓட்டுநர் கீழேயே நின்று, குழு இறங்கி வரலாமே என்று கேட்டுப் பார்த்தார். குழு இறங்காது, குழுவுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறினார். இடையில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "விடுங்க, மாடி ஏறுறது எனக்கென்ன புதுசா" என்று சிரித்தார். ஓட்டுநருக்கு மேடு ஏறக் கூடாது என்பது கூட மறந்துபோய் அவரும் பின்னாலேயே ஏறிவிட்டார்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்படி வந்தீங்க?"

"படி ஏறித்தாங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படி ஏறக்கூடிய முழங்கால் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். படி ஏறாதவர்களைப் பற்றி என்ன எழுதுவீர்கள் என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "அப்படி யாரும் இதுவரைக்கும் எங்ககிட்ட வரலையே" என்று மூத்தவர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

அடுத்தது ஒத்திகை. முன்னேற்பாடு செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் தம் இறுதி நிகழ்ச்சியை ஒரு தடவை ஒத்திகை பார்த்தாக வேண்டும். 'இறப்பு ஒரு தடவைதான் வருகிறது, தவறு நடந்தால் திருத்த முடியாது' என்பது வாரியத்தின் வாதம். ஒத்திகையை நடத்துவதற்கு ஓர் அம்மையார் இருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

ஓட்டுநரைப் பெட்டிக்குள் படுக்கச் சொன்னார்கள். மீசையை ஒதுக்கி, கையை மடித்து வைத்தார்கள். மூணாம் மாடியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். புகழுரை வாசிக்கப்பட்டது. ஹாரன் ஒலித்தது. ஹாரனைக் கேட்டதும் பெட்டிக்குள் ஓட்டுநரின் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. அதைப் பார்த்து அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

அம்மையார் விசில் ஊதினார். "அம்மா, துக்கத்துக்கு மூணு கட்டம் இருக்கு. மெதுவா ஆரம்பிக்கணும், உச்சத்துக்குப் போகணும், அப்புறம் கட்டுப்படுத்திக்கணும். சிரிப்புன்னு ஒரு கட்டமே கிடையாது. முதல்ல இருந்து."

முதலிலிருந்து நடந்தது. பிறகு பூ விழுந்த இடம் சரியில்லை என்று இன்னொரு தடவை நடந்தது. ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தலைமாட்டில் மனைவியின் செருப்பு லேசாக உரசும் சத்தம் கேட்டது. வலது காலிலிருந்து இடது காலுக்கு, இடது காலிலிருந்து வலது காலுக்கு. சத்தம் வர வர அடிக்கடி கேட்க ஆரம்பித்தது. பிறகு மூச்சு மாறியது. சிரிப்பில்லை, அழுகை. ஒத்திகை அம்மையார் "நல்லா வருது, நல்லா வருது" என்று உற்சாகப்படுத்தினார்.

ஓட்டுநர் எழுந்து பெட்டிக்குள் உட்கார்ந்தார். "போதும். அவளை உட்கார வைங்க" என்றார்.

விசில் காதைக் கிழித்தது. "இறந்தவர் பேசக் கூடாது."

"செத்தப்புறம் பேச முடியாதுன்னுதாம்மா இப்பவே பேசுறேன்" என்றார் ஓட்டுநர். இறந்தவர் குறுக்கிட்டதால் ஒத்திகை செல்லாது என்று முடிவாயிற்று.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அந்த அம்மா பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாராம். "எதுக்குங்க இவங்ககிட்ட மல்லுக்கட்டுறீங்க? உங்களை அந்தப் பெட்டிக்குள்ள பார்த்ததும் எனக்கு முழங்கால் இருக்கறதே மறந்துபோச்சு. அன்னைக்கு எனக்கு வலிக்காதுங்க. நாற்காலி வேணாம்."

"உனக்கு வலிக்காது. எனக்கு வலிக்குமே" என்றார் ஓட்டுநர். செத்துக் கிடக்கிற மனிதனுக்கு எப்படி வலிக்கும் என்று அந்த அம்மா கேட்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நாற்காலி கிடைத்தது வேறு வழியில். வாரியத்துக்கு ஆண்டு விழா வந்தது. விழாவில் தலைவர் புதிதாக ஏதாவது ஒரு மனிதாபிமானத் திட்டம் அறிவிக்க வேண்டும். அந்த வருடம் யாருக்கும் எந்த மனிதாபிமானமும் தோன்றவில்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்த துணை இயக்குநருக்குத் தினமும் காலையில் வாசலில் வந்து நிற்கும் மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். 'துணைவி நாற்காலித் திட்டம்' பிறந்தது. இறந்தவரின் துணைவி மட்டும், தன் கணவரின் நிகழ்ச்சி நேரத்தில் மட்டும், வாரியம் தரும் நாற்காலியில் அமரலாம். முதல் பயனாளி நம் மூணாம் மாடி. செல்லாமல் போன ஒத்திகையையும் செல்லும் என்று ஆக்கி, ஓட்டுநரின் நிகழ்ச்சிக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டார்கள்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேடை நடுவில் நாற்காலியை வைத்து, அதன் மேல் பளபளவென்று ஒரு துணியைப் போர்த்தியிருந்தார்கள். அந்த அம்மாவை அதன் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை என்று நடந்துகொண்டே இருந்தது. அந்த அம்மா கடையில் நிற்கிற மாதிரி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். முகத்தில் வாடிக்கையாளருக்கான அந்தச் சிரிப்பும் அப்படியே இருந்தது. கடைசியில் தலைவர் துணியை விலக்கினார். தேக்கு மரம், நல்ல அகலமான கைகள். கூட்டம் கை தட்டியது. தலைவர் அதில் தானே உட்கார்ந்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கணவரை இழந்த ஒரு பெண் இதில் அமரும்போது எப்படி உணர்வார் என்பதை நான் இப்போது உணர்கிறேன்" என்றார் தலைவர், கண்ணை மூடி. "வசதியாக இருக்கிறது. முதுகுக்கு நன்றாகவே இருக்கிறது. மக்களின் துக்கத்தை நாங்கள் இப்படித்தான், முதலில் நாங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு அவர்களுக்குத் தருகிறோம்."

அவர் பேசி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நன்றியுரை முடியும் வரை அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியைத் திரும்பக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்ததும் நான், "அசதியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு. நாற்காலி நல்லாத்தான் இருக்கு. மேல போத்தியிருந்தாங்களே, அந்தத் துணிதான் மட்டம். ஒரு தண்ணி பட்டாச் சாயம் போயிடும்" என்றார்.

ஓட்டுநர் அன்று சந்தோஷமாக இருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இனி எப்போது போனாலும் கவலையில்லை என்று என் தோளைத் தட்டினார். சாயங்காலம் வீங்கியிருந்த காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்னமோ மாதிரி இருக்குங்க. கொஞ்சம் உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் ஓட்டுநரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஓட்டுநர் அடுப்பில் தண்ணீர் வைத்து, தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் ஓடிப்போனபோது அவர் கையில் தேநீர் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். "எழுப்பட்டுமா வேணாமான்னு பார்க்கிறேன். உட்கார்ந்திருக்காளே" என்றார். அவர் கையிலிருந்து தம்ளரை வாங்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அந்த அம்மாவுக்கு எந்த முன்னேற்பாடும் இல்லை. போகப்போவது தான்தான் என்று ஓட்டுநர் அவ்வளவு உறுதியாக இருந்ததில், அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றைய பொது நிகழ்ச்சியில் இன்னும் நான்கைந்து பேரோடு அந்த அம்மாவையும் சேர்த்திருப்பதாக வாரியம் சொல்லி அனுப்பியது. ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாரியத்துக்கு வந்தார்.

"ஐயா, என்னோடதை அவளுக்குக் குடுத்துடுங்க. நான் பொதுவுல போய்க்கிறேன்" என்றார் துணை இயக்குநரிடம். "ஆயுசு பூரா அந்தக் கடையில வரிசையில நின்னவ. இன்னைக்கும் வரிசையில வைக்காதீங்க."

துணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நான் பார்த்தேன். அந்த மனிதர் உண்மையாகவே உதவ நினைத்தார். அலமாரியைத் திறந்து, விதிகளைப் புரட்டி, ஒரு வழியையும் கண்டுபிடித்தார். "குடும்பத்துல ஒருத்தர் நிகழ்ச்சியை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்க இடம் இருக்கு. இன்னைக்கே செஞ்சுடலாம். ஒண்ணே ஒண்ணு, ஒப்புதல் ஆன நிகழ்ச்சியில ஒரு எழுத்தைக் கூட மாத்த முடியாது. சரிதானே?"

ஓட்டுநர் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரிந்து தலையாட்டுகிற நிலையில் நாங்கள் இரண்டு பேருமே இல்லை.

மண்டபத்துக்குத் துணிக்கடையிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள். யாரும் சொல்லாமலே சுவரோரம் ஒரே வரிசையாக, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்கள். எதிரே மேடையில் அலுவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. பெட்டிக்குத் தலைமாட்டில் ஒரு மரத் தாங்கியில் அந்த அம்மாவின் புகைப்படம்.

பெட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தேக்கு நாற்காலி. கைகளுக்குக் குறுக்கே ஒரு நாடா கட்டி, 'துணைவிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தார்கள்.

ஓட்டுநர் நின்றார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. கடைப் பெண்களில் ஒருத்தி வரிசையிலிருந்து ஓடிவந்து, "ஐயா, நீங்க உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். மூணாம் மாடி சொல்கிற அதே குரல். எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உடனே ஒரு காவலர் குறுக்கே வந்தார். "இது துணைவிக்குங்க. தீர்மானம் அப்படித்தான் இருக்கு."

நான் சண்டைக்குப் போனேன். ஓட்டுநர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுங்க. அவளுக்குன்னு வாங்கினதுதானே" என்றார்.

நிகழ்ச்சி தொடங்கியது. ஹாரன் ஒலித்தது. சுவரோரம் நின்ற பெண்கள் திடுக்கிட்டு ஒதுங்கினார்கள். பிறகு துணை இயக்குநர் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒப்புதலான புகழுரையை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தார்.

"இவர் ஆயிரமாயிரம் பயணிகளை அவரவர் இடத்தில் பத்திரமாக இறக்கிவிட்டவர். வளைவுகளில் நிதானம் தவறாதவர். ஒரு நாளும் பிரேக்கைத் திடீரென்று பிடித்ததில்லை. மீசையை முறுக்கியபடி இவர் வண்டியில் ஏறி அமரும் கம்பீரத்தை இந்த ஊர் மறக்காது."

பெட்டிக்குள் அந்த அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். கடைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். நின்றே சம்பாதித்த ஒரு மனுஷியைப் பற்றி, ஏறி அமரும் கம்பீரம் என்று வாசித்துக்கொண்டே போனார்கள்.

"இவரை இழந்து வாடும் அன்புத் துணைவி, இதோ, இங்கே நம் வாரியம் அளித்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நம் ஆறுதல்."

அந்த இடத்தில் எல்லோரும் துணைவியைப் பார்த்துத் தலை வணங்க வேண்டும் என்று நிகழ்ச்சியில் இருந்தது. அலுவலர்கள் வணங்கினார்கள். காலி நாற்காலியைப் பார்த்து மண்டபமே தலையைக் குனிந்தது.

ஓட்டுநர் மெதுவாகத் தலைமாட்டுக்குப் போனார். தாங்கியிலிருந்த புகைப்படத்தை எடுத்தார். நாடாவை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை. கடைப் பெண்தான் அவிழ்த்துக் கொடுத்தாள். படத்தை நாற்காலியின் மேல், முதுகில் நன்றாகச் சாய்ந்திருக்கும்படி வைத்தார். கொஞ்சம் கோணலாக இருந்ததால் திருப்பி வைத்தார்.

"உட்காரு மூணாம் மாடி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

காவலர் மேடையைப் பார்த்தார். துணை இயக்குநர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். துணைவி அமர்ந்திருக்கிறார் என்று தாளில் இருந்தது. அமர்ந்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கவே அவரும் உட்கார்ந்துகொண்டார்.

பெட்டியை எடுக்கும் வரை ஓட்டுநர் அந்த நாற்காலியின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். நானும் அந்தப் பெண்ணும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டோம். அவர் அழவில்லை. குனிந்து குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டார், வசதியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

எல்லாம் முடிந்து தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது, துணை இயக்குநர் வேகமாக நடந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். அவர் முகத்தில் நல்ல செய்தி கொண்டுவருகிற களை இருந்தது.

"உங்க நிகழ்ச்சி இன்னைக்குச் செலவாயிடுச்சு. உங்களுக்குன்னு புதுசா ஒரு தடவை விண்ணப்பிக்கணும்" என்றார். "கவலையே படாதீங்க. பூ, ஹாரன், புகழுரை எல்லாம் தயாரா இருக்கு. போன தடவை நாற்காலி ஒண்ணுதான் இழுத்துச்சு. இந்தத் தடவை உட்கார ஆளே இல்லையே. ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

"ஆமாங்க" என்றார் ஓட்டுநர். "ஆள் இல்ல."

அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஏதாவது சாப்பிடச் சொன்னேன். அப்புறம் சாப்பிடுகிறேன், நீங்கள் போங்கள் என்றார். சாயங்காலம் என் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, அவர் தன் நாற்காலியில் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தைலச் சீசா இருந்தது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

மடியில் அந்தத் துண்டை விரித்து வைத்திருந்தார். பழக்கத்தில் விரித்திருப்பார். சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது போலிருக்கிறது, குனிந்து பார்த்தார். எடுத்து மடித்து வைப்பார் என்று நினைத்தேன். ஓரத்தில் இருந்த ஒரு சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.